11. ஓசியில் வந்த நட்சத்திரங்கள்

பவளத் தொட்டி வைத்துச் சில மாதங்கள் ஆனதும் பெரும்பாலானோருக்கு இந்தக் கலக்கம் வரும். காலையில் விளக்கு எரிவதற்கு முன் கண்ணாடியில் சாம்பல் நிறப் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். துடைக்கப் போனால் அதற்குக் கைகள் இருக்கும். இரண்டு நீளம், ஒன்று குட்டை, மற்றவை அப்போதுதான் முளைத்தவை. ஒன்று மூன்றாகும், மூன்று பத்தாகும், பிறகு எண்ணுவதை நாமே விட்டுவிடுவோம். கடைக்காரருக்குப் போன் போகும். "அண்ணே, இது பவளத்தைத் தின்னுடுமா?" "அதுக்கென்ன சார், ஒரு ஹார்லெக்வின் இறால் போட்டா எல்லாம் க்ளீன் ஆயிடும்." இறால் வந்து சேரும். நட்சத்திரங்கள் காலியாகும். சில வாரம் கழித்து இறாலும் பட்டினியில் செத்துப்போகும்.

அந்த இறாலை வாங்குவதற்கு முன்பு படிக்க வேண்டிய அத்தியாயம் இது. படித்த பிறகும் வாங்கலாம், தவறில்லை. ஆனால் பத்தில் ஒன்பது தொட்டிகளுக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து.

இவை எப்படி உள்ளே வருகின்றன என்பதில் பெரிய மர்மம் இல்லை. முன்பெல்லாம் லைவ் ராக் என்ற பெயரில் கடற்பாறையை அப்படியே கொண்டுவந்து தொட்டியில் அடுக்குவார்கள். பாறையின் ஓட்டைக்குள் என்ன இருந்ததோ அத்தனையும் கூடவே வந்தது. இன்று பெரும்பாலும் உலர்பாறைதான். நம் கடலிலிருந்து பவளத்தையோ பவளப் பாறையையோ எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல்பவளம், கரும்பவளம், விசிறிப் பவளம் எல்லாம் 2001இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. "ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்த சரக்கு" என்று யாராவது காதில் கிசுகிசுத்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். ஆக, இப்போது நட்சத்திரங்கள் வரும் வழி, நண்பரிடமோ கடையிலோ வாங்கும் பவளத் துண்டு, அதாவது ஃபிராக். அது ஒட்டியிருக்கும் பிளக்கின் அடிப்பக்கம்தான் இவற்றுக்குப் பிடித்த இடம். சம்ப் என்னும் துணைத்தொட்டியில் வளர்க்க வாங்கும் கீட்டோ பாசிக்குள்ளும், டர்போ நத்தையின் ஓட்டு மடிப்பிலும்கூட வரும். ஒரே ஒரு துண்டு நட்சத்திரம் வந்தாலே போதும். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

பாறை ஓட்டையிலிருந்து நூல் போல மெல்லிய கைகள் மட்டும் வெளியே நீண்டு, இரை போட்டதும் நெளிந்து நெளிந்து ஆடுகின்றனவா? உடல் எங்கே என்றே தெரியவில்லையா? அது குட்டி பிரிட்டில் ஸ்டார். அதைத் தொட வேண்டாம். மீன் தின்று மிஞ்சியதை, கசடை, மணலில் விழுந்த துணுக்கைத் தின்று வாழும் நல்ல பிராணி. உலகின் பல கடல்களிலும் உள்ள ஆம்ஃபிஃபோலிஸ் ஸ்குவாமாட்டா இந்த வகையில் ஒன்று. முட்டையை வெளியே விடாமல் குஞ்சுகளை உடலுக்குள்ளேயே வளர்த்து வெளியே அனுப்பும். இருட்டில் சீண்டினால் கையில் மஞ்சளும் பச்சையுமாக ஒளி மின்னும். ஆறு கைகளோடு வரிவரியாக இருந்தால் அநேகமாக ஓஃபியாக்டிஸ். கடற்பஞ்சுக்குள் கூட்டமாகக் குடியிருப்பது அதன் வழக்கம். இவை ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் ஃபில்டர் பஞ்சிலும் நூற்றுக்கணக்கில் பெருகும். பஞ்சை அலசும்போது கையில் ஏறினால் பதறாதீர்கள். திரும்பத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.

இதே குடும்பத்தில் ஒரு முரடன் உண்டு. பச்சை பிரிட்டில் ஸ்டார், ஓஃபியாராக்னா இன்கிராசாட்டா. ஓசியில் வருவது அபூர்வம், பெரும்பாலும் நாமே "அழகாக இருக்கிறதே" என்று காசு கொடுத்து வாங்குவதுதான். குட்டியாக இருக்கும்போது சாதுவாகத் தெரியும். வளர்ந்ததும் இரவில் கைகளை ஊன்றி உடலைத் தூக்கி நின்று அடியில் குகை போல இடம் விட்டுக் காத்திருக்கும். ஒதுங்க இடம் தேடும் சிறிய மீன் அதற்குள் நுழைந்ததும் கைகளை முறுக்கிக் கூண்டை மூடிவிடும். தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், பிணமும் கிடைக்காமல், பச்சைக் கை ஒன்று பாறைக்குப் பின்னால் தெரிந்தால் குற்றவாளி யாரென்று தேட வேண்டியதில்லை. கையால் பிடித்து இழுத்தால் கை மட்டும் உடைந்து வரும், ஆள் உள்ளே போய்விடும். பிவிசி குழாய்த் துண்டுக்குள் இறால் சதை வைத்து, விளக்கணைந்த பிறகு மணலில் கிடத்துங்கள். உள்ளே நுழைந்ததும் இரு முனையையும் மூடி அப்படியே எடுத்துவிடலாம்.

ஒரே ஒரு நீளமான கையும், அதன் அடியில் நான்கைந்து பொடிக் கைகளும் முளைத்து வால்மீன் போல இருந்தால் அது லிங்கியா மல்டிஃபோரா. தன் கையைத் தானே கழற்றிவிடும். கழன்ற கையிலிருந்து முழு நட்சத்திரம் வளரும். பவளத்துக்கு இதனால் ஆபத்தில்லை. வீட்டுத் தொட்டியில் இது நெடுநாள் தாங்குவதும் அரிது.

மிச்சமிருப்பதுதான் நம் கண்ணாடிப் பொட்டு. தொட்டிக்காரர்கள் ஆஸ்டரினா என்பார்கள். விலங்கியலாளர்கள் 2004இல் இந்தோ-பசிபிக் இனங்கள் பலவற்றை அக்விலோனாஸ்ட்ரா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நமக்குப் பழைய பெயரே போதும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தப் பெயருக்குள் பல இனங்கள் அடங்கும், வெறுங்கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். "என் தொட்டியில் வருஷக்கணக்காக இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை" என்று ஒருவரும், "என் ஜோவாந்தஸ் பவளம் முழுக்கப் போச்சு" என்று இன்னொருவரும் சத்தியம் செய்தால் இருவருமே உண்மை சொல்லலாம். இருவர் வீட்டிலும் இருப்பது ஒரே பிராணியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

கண்ணாடியில் ஓர் அரை மணி நேரம்

ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஆஸ்டரினாவை வெளியிலிருந்து பார்த்தால் அதன் அடிப்பக்கம் முழுதும் தெரியும். நடுவில் வாய். அதிலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தின் இரு கரையிலும் ஊசிமுனை அளவுக் குழாய்க்கால்கள், நுனியில் உறிஞ்சியோடு, மாறி மாறி ஒட்டிப் பிரியும். நட்சத்திரம் நகராமல் ஒரே இடத்தில் படுத்திருந்தால் வாயைச் சுற்றிப் பளபளப்பான மெல்லிய சவ்வு ஒன்று கண்ணாடியில் பரவியிருப்பதைக் காணலாம். அது அதன் இரைப்பை. உணவை வாய்க்குள் கொண்டுபோவதற்குப் பதில் வயிற்றை வெளியே கொண்டுவந்து உணவின் மேல் விரித்து, அங்கேயே செரித்து உறிஞ்சிக்கொள்ளும். வேலை முடிந்ததும் வயிற்றைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டு நகரும். அது இருந்த இடத்தில் பாசிப் படலம் போய்க் கண்ணாடி பளிச்சென்று வட்டமாகத் தெரியும்.

அந்த வட்டத்தைப் பார்த்தாலே இதன் சாப்பாடு என்ன என்று தெரிந்துவிடும். கண்ணாடியிலும் பாறையிலும் படியும் நுண்பாசி, பாக்டீரியாப் படலம், அழுகல் துணுக்கு. சில இனங்கள் ஊதா நிறக் கோரலைன் பாசியையும் விடாது. பாறையில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். பெருகும் வழியையும் அதிர்ஷ்டம் இருந்தால் கண்ணாடியிலேயே பார்க்கலாம். ஒரு பக்கக் கைகள் கிழக்கே நடக்க, மறுபக்கக் கைகள் மேற்கே நடக்கும். நடு உடல் இழுபட்டு மெலிந்து, கடைசியில் இரண்டாகக் கிழிந்துபோகும். ஒவ்வொரு பாதியும் இழந்த கைகளை முளைக்கவைத்துக்கொள்ளும். கைகள் சமமில்லாமல் இருப்பது இதனால்தான். ஐந்து என்ற கணக்கும் இங்கே செல்லாது, ஆறும் ஏழும் சாதாரணம். ஜோடி வேண்டாம், முட்டை வேண்டாம், பருவம் வேண்டாம். பிளக்கின் அடியில் ஒரு பாதி தப்பி வந்தாலே தொட்டி நிறைந்துவிடும் என்று மேலே சொன்னது இதை வைத்துத்தான்.

ஆகவே இடுக்கியால் நசுக்கிக் கிழித்துத் தொட்டிக்குள்ளேயே விடுவது கொல்வது ஆகாது. சிப்பி வளர்ப்பவர்கள் வலையில் வந்த நட்சத்திர மீன்களை வெட்டிக் கடலில் வீசிக்கொண்டிருந்த கதை அந்தத் தொழிலில் பழையது. எடுப்பதானால் முழுதாக எடுங்கள்.

பவளத்தைத் தின்கிறதா?

இறந்த பாலிப்பின் மேல் நட்சத்திரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இவை அழுகலைத் தின்பவை. வேறு காரணத்தால் சாகும் பவளத்தைத் தேடியும் வரும். ஜோவாந்தஸ் மூடிக்கிடக்கிறது என்றால் முதலில் மற்ற சந்தேக நபர்களைப் பாருங்கள். ஜோவாந்தஸ் தின்னும் நியூடிபிராங்க் அது தின்ற பாலிப்பின் நிறத்திலேயே இருக்கும். பாலிப்புகளின் தண்டில் சுருளாக முட்டை வைத்திருக்கும். ஹீலியாகஸ் என்னும் சிறு நத்தையின் தட்டையான ஓட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டிருக்கும். பகலில் பாலிப்புகளுக்கு இடையில் அசையாமல் கிடக்கும். கால்கள் மட்டுமே உடலாகத் தெரியும் கடல் சிலந்திகளும் உண்டு. உப்பு, காரத்தன்மை, வெப்பம் ஆகியவற்றில் அன்று ஏதாவது ஆட்டம் கண்டதா என்பதையும் பாருங்கள். நம் ஊர்க் கோடையில் மின்சாரம் போய்ச் சில்லர் நின்று, தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஜோவாந்தஸ் மூடிக்கொள்ள நட்சத்திரத்தின் உதவி தேவையில்லை.

இவை எல்லாம் இல்லையென்றால் இரவுக் காவல். விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். முழு ஆரோக்கியமாக விரிந்திருந்த பாலிப்பின் மேல் அதே நட்சத்திரம் ஏறிப் படுக்கிறதா, காலையில் அந்த இடத்தில் தசை கரைந்திருக்கிறதா, அடுத்த இரவு பக்கத்துப் பாலிப்புக்கு நகர்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது தின்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால் மீன்குஞ்சு வளர்க்கும் தொங்கு பெட்டி ஒன்றில் ஜோவாந்தஸ் துண்டு ஒன்றையும் சந்தேகப்படும் நட்சத்திரங்கள் நான்கைந்தையும் சேர்த்து வையுங்கள். பெட்டியில் பாசி படிந்த சிறு கல் ஒன்றும் இருக்கட்டும். கல்லை விட்டுவிட்டுப் பவளத்துக்குப் போகிறதா என்பதுதான் சோதனை. பட்டினி போட்டுவிட்டு "தின்கிறது" என்பது நியாயமில்லை.

கையால் எடுப்பது

தின்கிறது என்று தெரிந்தாலும் சரி, எண்ணிக்கை கண்ணை உறுத்தினாலும் சரி, முதல் வைத்தியம் கைதான். இதற்கு நல்ல நேரம் அதிகாலை. இரவெல்லாம் மேய்ந்த நட்சத்திரங்கள் கண்ணாடியில் இருக்கும், விளக்கு எரிந்ததும் பாறைக்கு அடியில் ஒதுங்கும். ஏர் பம்புக்குப் போடும் மெல்லிய டியூபை எடுத்து, ஒரு முனையைப் பக்கெட்டில் விட்டு, சைஃபன் ஓடவிட்டு, மறு முனையை நட்சத்திரத்தின் விளிம்புக்குக் கொண்டுபோங்கள். நேராக நடுவில் வைத்து அழுத்தினால் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். விரல் நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ ஒரு ஓரத்தை லேசாகத் தூக்கிவிட்டு டியூபை நீட்டினால் சுலபமாக உள்ளே போய்விடும். பெரியவற்றுக்கு அரை அங்குலக் குழாய் வேண்டும். பக்கெட்டின் வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தால் நட்சத்திரம் துணியில் தங்கும், தண்ணீரைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தோடு சேர்த்துச் செய்தால் தனி வேலையாகவும் தெரியாது.

எல்லாவற்றையும் பிடித்துவிட முடியுமா? முடியாது. பாறைக்குள் இருப்பதை யார் எடுப்பது? நோக்கம் எண்ணிக்கையைக் கீழே வைத்திருப்பதுதான். அதற்குக் கை மட்டும் போதாது. இரையைக் குறைக்காமல் நட்சத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பது சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எறும்பை நசுக்குவதற்குச் சமம். ஆஸ்டரினா பெருகியிருக்கிறது என்றால் அது தின்னும் படலமும் பெருகியிருக்கிறது. உறைந்த மைசிஸை அப்படியே போடாமல் வலையில் வைத்துக் கரைத்து, சாற்றை வடித்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். மீன்கள் இரண்டு நிமிடத்தில் முடிக்கும் அளவே இரை. பாறைக்குப் பின்னால் கசடு தங்கும் மூலையைப் பவர்ஹெட்டால் ஊதிக் கிளப்பி சைஃபனில் எடுங்கள். ஸ்கிம்மர் கோப்பையின் கழுத்தைத் துடையுங்கள். அழுக்குக் கழுத்து நுரையை ஏறவிடாது.

ஆனால் இதில் வெறி பிடிக்கக் கூடாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்யத்துக்குப் போன தொட்டியில் டைனோஃபிளாஜெலேட் என்னும் பழுப்புச் சளி வந்து உட்காரும். அதைப் பார்த்த பிறகு "ஆஸ்டரினாவே தேவலாம்" என்று சொல்லாதவர் கிடையாது. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1, இந்த எல்லைக்குள் இருந்தால் பவளமும் வாழும், நட்சத்திரமும் அளவோடு நிற்கும். புதிய தொட்டியில் ஏறும் எண்ணிக்கை, படலம் குறைந்து தொட்டி முதிரும்போது தானாகவே இறங்குவதையும் நிறையப் பார்க்கலாம்.

மருந்து ஊற்றலாமா என்பவர்களுக்கு ஒரே பதில்தான். செம்பு கலந்த மருந்து எதையும் பவளத் தொட்டியில் ஊற்றக் கூடாது. நட்சத்திரம் சாகும், கூடவே இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். செம்பு பாறையிலும் மணலிலும் ஏறிவிட்டால் லேசில் போகாது.

வாசலிலேயே நிறுத்துவது

புதிய ஃபிராக் வாங்கினால் பிளக்கை வீட்டுக்குள் விடாதீர்கள். பவளத்தை மட்டும் பிரித்து, அடியைச் சுரண்டி, சூப்பர் க்ளூ ஜெல் வைத்துப் புதிய பிளக்கில் ஒட்டிவிட்டால் ஓசி ஆட்களில் பெரும்பகுதி பழைய பிளக்கோடு போய்விடும். பவளம் முக்குவதற்கென்று விற்கும் திரவங்கள் தட்டைப்புழுக்களிடம் நன்றாக வேலை செய்யும். நட்சத்திரங்கள் அதற்கெல்லாம் சில சமயம் அசைந்துகொடுப்பதில்லை. வெறும் பிளக்கையோ பவளம் இல்லாத சிறு கல்லையோ நல்ல தண்ணீரில் ஊறப்போடலாம். முட்தோலிகளுக்கு உடலுக்குள் இருக்கும் உப்பை ஒழுங்குசெய்யும் உறுப்பு கிடையாது. உள்ளே ஓடுவதும் ஏறக்குறைய கடல்நீர்தான். வெளி நீர் மாறினால் தாங்காது. பவளம் ஒட்டிய துண்டை இப்படிச் செய்யாதீர்கள். அக்ரோபோரா போன்றவை நட்சத்திரத்துக்கு முன்பே போய்விடும். ஃபிராக்குகளைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்து, தினமும் அதிகாலையில் கண்ணாடியைப் பார்ப்பதைவிட நம்பகமான வழி கிடையாது. அந்தத் தொட்டியில் மணல் வேண்டாம், அடி வெறும் கண்ணாடியாக இருக்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். "பாறையைக் கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடும்" என்ற யோசனை அவ்வப்போது யாருக்காவது தோன்றும். செய்யவே செய்யாதீர்கள். ஜோவாந்தஸ் வகையிலும் குறிப்பாகப் பாலிதோவா வகையிலும் பாலிடாக்ஸின் என்னும் நஞ்சு இருக்கலாம். ஹவாயின் மௌயி தீவில் ஹானா என்ற ஊர்ப் பக்கம் விலக்கப்பட்ட குட்டை ஒன்றில் வளர்ந்த பாலிதோவாவிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டு 1971இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஈட்டி முனையில் தடவப் பயன்பட்டதாக அந்தத் தீவில் பழங்கதையே உண்டு. புரதமல்லாத இயற்கை நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. பாறையைக் கொதிக்கவைத்தபோது எழுந்த ஆவியை மூச்சில் இழுத்து, வீட்டிலிருந்தோர் மொத்தமாக மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் மேல்நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கொதிநீரை ஊற்றுவது, பிரஷ்ஷால் தேய்த்துச் சாரல் தெறிக்கவிடுவது, ஜோவாந்தஸை வெறுங்கையால் வெட்டுவது எல்லாமே வேண்டாதவை. பிளக்கிலிருந்து பிரிக்கும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று வேலையை ஒத்திப்போடுங்கள். பாறை வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டால், ஜோவாந்தஸை முதலில் வேறிடம் மாற்றிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மொட்டைமாடியில் வெயிலில் வாரக்கணக்கில் காயவிடுங்கள்.

அந்த இறால்

ஹார்லெக்வின் இறாலைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. வெள்ளை உடலில் பெரிய பெரிய திட்டுகளும், தட்டையாக அகன்ற கொடுக்குகளுமாக 5 சென்டிமீட்டருக்குள் அடங்கும் இந்தப் பிராணிக்கு நட்சத்திர மீனைத் தவிர வேறு சாப்பாடு கிட்டத்தட்ட கிடையாது. திட்டுகள் பசிபிக் கடல் வகையில் ஊதாச் சிவப்பாகவும், இந்தியப் பெருங்கடல் வகையில் பழுப்பாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே இனம் என்பாரும் உண்டு. ஆணும் பெண்ணும் ஜோடியாகவே வாழும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரத்தைக்கூட இரண்டுமாகச் சேர்ந்து ஓரத்தைக் கிளப்பிப் புரட்டிப்போட்டு, குழாய்க்கால்களையும் உள்சதையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்னும். இரை உடனே சாவதில்லை. பார்க்கக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும். ஆஸ்டரினா இதற்கு ஒரு வாய். பாறை இடுக்கெல்லாம் புகுந்து, நம் கை எட்டாததையும் துடைத்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆஸ்டரினா தீர்ந்ததும் நீங்கள் ஆசையாக வாங்கிய நீல லிங்கியா, சிவப்பு ஃபுரோமியா எதையும் விடாது. அவையும் இல்லையென்றால் நீங்கள்தான் நட்சத்திர மீன் வாங்கிப் போட வேண்டும், அது இருக்கும் காலம் முழுவதும். சாக்லேட் சிப் என்று விற்கும் புரோட்டோரியாஸ்டர் நட்சத்திரத்தை வாங்கி உறையவைத்து, ஒரு கையை வெட்டிப் போட்டுச் சில நாள் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மிச்சத்தை அழுகுமுன் எடுத்துவிட வேண்டும், சிறிய தொட்டியில் அம்மோனியா ஏற அதிக நேரம் ஆகாது. கடற்கரைக் கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் காய்ந்த நட்சத்திரத்தை ஊறவைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. அதில் சதையும் இல்லை, எதில் முக்கிக் காயவைத்தார்கள் என்பதும் தெரியாது.

இதைவிட நல்ல வழி, இறாலை ஊர் சுற்றவிடுவது. நாலைந்து தொட்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கினால், ஆஸ்டரினா பெருகிய தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கலாம். முதல் தொட்டியில் மீண்டும் பெருகுவதற்குள் சுற்று முடிந்திருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைக் கலந்து மெதுவாகப் பழக்க வேண்டும், உப்பு சட்டென்று மாறினால் இறால் தாங்காது. ஹாக்ஃபிஷ், டிரிகர், பெரிய ராஸ் இருக்கும் தொட்டிக்கு அனுப்பினால் திரும்பி வராது. அப்படி மாற்றிக்கொள்ள ஆள் இல்லை, உறையவைத்த நட்சத்திரமும் தொடர்ந்து கிடைக்காது என்றால் வாங்காதீர்கள். பம்பிள்பீ இறாலும் குழாய்க்கால்களைக் கடிக்கும் பழக்கம் உள்ளதுதான், ஆனால் அதை நம்பி ஆஸ்டரினா கூட்டத்தை ஒழித்ததாகச் சொல்லக்கூடிய தொட்டிகள் அபூர்வம். ஏதோ ஒரு மீன் தின்னும் என்று யாராவது சொன்னால் அந்த மீனை அதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

எடுத்ததை எங்கே போடுவது

சம்ப்பில் தனி அறை இருந்தால், பவளம் தின்னாதவை என்று தெரிந்தால், அங்கே விட்டுவிடலாம், படலத்தைத் தின்றுகொண்டு இருக்கும். ஆனால் பம்ப் வழியாகத் துண்டுகள் மேலே ஏறும், அதற்குத் தயாராக இருங்கள். நட்சத்திரம் வளர்க்கும் இறால்காரர் தெரிந்தால் அவருக்குக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் பழைய டப்பாவில் போட்டு ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்துக் குப்பையில் சேருங்கள்.

"உயிராச்சே" என்று பெசன்ட் நகர்க் கடற்கரைக்குக் கொண்டுபோய் அலையில் விடாதீர்கள். உங்கள் தொட்டியில் இருப்பது எந்த நாட்டுப் பாறையிலிருந்து எத்தனை கை மாறி வந்ததோ தெரியாது. அட்லாண்டிக்கில் இல்லவே இல்லாத லயன்ஃபிஷ் 1985இல் முதன்முதலாக ஃபுளோரிடா கரையோரம் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதன் தொடக்கம் என்று கருதுகிறார்கள். இன்று கரீபியன் பவளத்திட்டுகள் முழுக்க அதுதான். இரண்டாகக் கிழிந்தே பெருகும் ஒரு பிராணிக்கு அதைவிடக் குறைவான முதலீடே போதும். தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். சைஃபனில் எடுத்த கசட்டுத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள். புதிய பிராணி வந்த பையின் தண்ணீரும் தொட்டிக்குள் போகக் கூடாது, அதையும் அங்கேயே கொட்டிவிடலாம்.